பாகூர் போர்க்களத்தில் என் செருப்புக்கால்

எனக்குச் சொந்த ஊர் வில்லியனூர் பக்கம் உறுவையாறு. பெங்களூரில் இருக்கும் என் சித்தி மகன், காரிலேயே ஊர் ஊராகப் போய்ப் பழைய போர்க்களங்களைப் பார்க்கிறவன். போன மாதம் வந்தவன், "அக்கா, பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் பாகூர்ல சண்டை போட்ட இடத்தைக் காட்டு" என்றான்.

போனோம். ஒரு போர்டுகூட இல்லை, எங்கும் கழனிதான். போட்டோவாவது எடுப்போம் என்று அவனை வரப்பில் நிறுத்திவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். நேராக நாற்றங்காலுக்குள் போய் நின்றேன், அதுவும் செருப்புக்காலோடு!

பக்கத்துக் கழனியில் களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடி வந்தார். "இன்னாம்மா, நாத்து மேல நிக்கிற? கண்ணு தெரியல?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, "புல்லுதானே, விடுங்கம்மா" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாயை மூடுடா! நீ திங்கிற சோறுடா அது!"

அந்த அம்மாவோ என்னைத்தான் முறைத்தார். "அவனுக்குத் தெரியாது. நீ பேசறதப் பார்த்தா இந்தப் பக்கத்துப் பொண்ணு, உனக்குமா தெரியாது?"

நாற்று நட்டு என்னைப் படிக்கவைத்தவள் என் அம்மா. அவமானத்தில் கூனிக்குறுகிப் போனேன்.

இப்போது போர்க்களம் எங்கே என்று யார் கேட்டாலும் ரோட்டில் நின்றுதான் காட்டுகிறேன். "இங்க ஒண்ணுமே இல்லியே?" என்பவர்களை, "நெல்லு இருக்கே, கண்ணு தெரியல?" என்று கேட்டுவிடுகிறேன்.