ஐயா ராசாவான கூத்து

தொண்ணூறுகளில், நாடுவிட்டு வந்து குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணில், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபிறகு நான்தான் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் பாடப்புத்தகத்தில் ஒரு படம் காட்டினாள். இரும்புச் சட்டை போட்ட ஒருவன் முழங்காலில் நின்று, தன் கைகளை ஒரு பிரபுவின் கைகளுக்குள் வைத்திருந்தான்.

"உவர் நைட், அன்ரி. லோர்ட் காணி குடுப்பார். இவர் குதிரையிலை சண்டைக்குப் போகவேணும். அதுக்குத்தான் புறொமிஸ் பண்றார்."

"தெரியும் பிள்ளை."

"சும்மா சொல்லாதேங்கோ."

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் அந்தப் படத்தை ஊரில் கூத்திலேயே பார்த்திருந்தேன்.

எங்கள் கடற்கரையில் கத்தோலிக்கக் கோயில் திருநாளுக்கு ஐரோப்பிய ராசாக்களின் கதையைக் கூத்தாக ஆடுவார்கள். எனக்கு எட்டு வயதில், கூத்துப் பழக்கிய அண்ணாவியார் குரலுக்காக எங்கள் ஐயாவுக்கு ராசா வேஷம் கொடுத்தார். ஐயா, வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டியாரிடம் தொழில் செய்தவர். எங்கள் குடிசையும் அவர் காணியில்தான்; எழும்பு என்றால் அன்றே எழும்பவேண்டும். கூப்பிட்டால் காய்ச்சலோடும் கடலுக்குப் போகவேண்டும்.

அந்தச் சம்மாட்டியாரின் மகனுக்குக் குதிரை வீரன் வேஷம். ராசாவின் முன் முழங்காலில் நின்று, கைகளைக் கொடுத்து, உயிருள்ளவரை ஊழியம் செய்வேன் என்று பாட்டுப் படிக்கவேண்டும். பழகிய நாளெல்லாம் அவர் முழங்காலில் நிற்கவே இல்லை. "கூத்தன்றைக்குச் செய்வன்" என்று நழுவிவிடுவார்.

திருநாளன்று பின்னேரம் சனம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சம்மாட்டியார். மகன் ராசாவின் முன் வந்து நின்றார். நின்றபடியே நின்றார். மத்தளம் அதே தாளத்தை மூன்று தரம் அடித்துப் பார்த்தது.

"தம்பியின்ரை முழங்கால் மடங்காதோ? எண்ணெய் போட்டு விடட்டோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். சம்மாட்டியார் சிரிக்கவில்லை.

ஐயா சிம்மாசனக் கதிரையை விட்டு இறங்கினார். தலையில் கிரீடத்தோடு முழங்காலில் நின்று, தன் கைகளைச் சம்மாட்டியாரின் மகனின் கைகளுக்குள் வைத்து, வீரனின் பாட்டைத் தானே படித்தார். குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

வீடு போகும் வழியெல்லாம் நான் அழுதேன். "பாட்டை மாறிப் படிச்சுப் போட்டியள். எல்லாரும் சிரிச்சவை."

"ஓம் பிள்ளை, மறந்துபோனன்" என்றார் ஐயா.

அம்மா கூத்துக்கு வரவில்லை. வாசலிலேயே, "என்ன, அவிழ்க்கட்டோ?" என்று கேட்டா. ஐயா தலையாட்டினார். அம்மா வாசலில் கட்டி வைத்திருந்த சாக்கை அவிழ்த்துச் சட்டி பானைகளைத் திரும்ப அடுப்படியில் வைத்தா.

அதன்பிறகு ஐயா கூத்தாடவில்லை. மறதி ராசா என்று பிள்ளைகள் பழித்தபோது நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். திருநாளும் அதுவுமாகச் சட்டி பானையை ஏன் சாக்கில் கட்டினா என்று அம்மாவைக் கேட்க எனக்கு அந்த வயதில் தோன்றவில்லை.