எந்த வண்டி மாதிரி ஓடணும்?

உளுந்தூர்பேட்டையில் காலை ஆறே முக்கால் பஸ் பிடித்தேன். கள்ளக்குறிச்சிக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். சொந்தமாக லாரி வைத்திருக்கிறவன் எதற்குப் பஸ்ஸில் போகிறான் என்று கேட்பீர்கள். களமருதூரில் என் வீட்டு வாசலில் நிற்கும் அந்த லாரி ஒழுங்காக ஓடினால்தானே!

என் மாமனார் ஒரே நாளில் இரண்டு லாரி வாங்கினார். இரண்டும் முன்னால் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மாடல். இரண்டின் நெற்றியிலும் தன் பெயரை எழுதி, மூத்த மகளைக் கட்டிய எனக்கு ஒன்றும், இளையவளைக் கட்டிய சேகருக்கு ஒன்றும் கொடுத்தார். சேகர் என் சகலை. வடக்கனந்தல்காரன். என் வண்டி நான்கு மாதமாக ஆயிலைக் குடித்துவிட்டு நீலப்புகை விடுகிறது. மேடு என்றால் படுத்துவிடுகிறது. அவன் வண்டியோ வாரத்துக்கு இரண்டு நடை சிமென்ட் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போய்வருகிறது.

பொங்கலுக்கு மாமனார் வீட்டில் அதைப் பார்த்தேன். சாவியை ஒரே திருப்பு, கிளம்பிவிட்டது. வெட்கத்தை விட்டு, "எங்க குடுத்து இன்ஜின் செஞ்ச சகல?" என்று கேட்டேன்.

"அது எல்லாம் கை ராசிங்க" என்று சிரித்தான், அமுக்கன். கடை பெயர் மட்டும் அவன் வாயிலிருந்து வரவேயில்லை. செத்தாலும் இவனிடம் இன்னொரு முறை கேட்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

போன வாரம் காயலான் கடைக்காரர் வந்து என் லாரியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். இன்ஜினுக்கு நல்ல கடை கிடைக்காவிட்டால் அவரிடம் கொடுத்துவிடுவது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். லாரி போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். மாமனார் பெயர் எழுதிய வண்டி ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும், அது சேகருடையதாக இருக்கும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

கள்ளக்குறிச்சியில் இறங்கியதும் சேலம் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். இன்ஜின் கடையை எடைபோட எனக்கு ஒரு வழி உண்டு. பிரித்துப்போட்ட இன்ஜினை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். இங்கே நான்கு இன்ஜின்கள் வேப்பமரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. ரோட்டுப் புழுதி முழுக்க உள்ளே. வண்டியைப் பார்க்காமலே, "எட்டு நாள்ல குடுத்துடலாங்க" என்றார் கடைக்காரர். கும்பிடு போட்டுவிட்டு நடந்தேன். அடுத்த கடை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மாடலைச் சொன்னதும் அந்த மனிதர், "அதுக்கு ஸ்பேர் எவன் வெச்சிக்கினு இருக்கான்? எடைக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சேகருக்கு மட்டும் எவன் ஸ்பேர் கொடுத்தானாம்?

பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டே புலம்பியது பக்கத்தில் நின்ற வெள்ளிமலை பஸ் கண்டக்டர் காதில் விழுந்திருக்கிறது. "மல மேல முனியப்பன்னு ஒருத்தரு இருக்காருங்க. காட்டு ரோட்ல நின்னு போற வண்டிங்கள எல்லாம் அவருதான் பாக்கறாரு. ஆனா ஒரு மாதிரி ஆளு."

"ஒரு மாதிரின்னா?"

"வண்டிக்கு இன்னான்னே கேக்க மாட்டாரு. வேற ஒண்ணு கேப்பாரு. நேர்ல போய்ப் பாருங்களேன்."

பத்து மணிக்கு அதே பஸ்ஸில் ஏறினேன். வெள்ளிமலை வரை முப்பத்தைந்து ரூபாய். வடக்கனந்தல் வந்ததும் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டேன். சேகர் வீட்டார் யாராவது பார்த்துத் தொலைத்தால் என்ன சொல்வது? கச்சிராயபாளையம் கடந்து, கோமுகி அணையின் தண்ணீரை ஒரு கண் பார்த்து முடிப்பதற்குள் மலை ரோடு தொடங்கிவிட்டது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் மூங்கில். வளைவுக்கு வளைவு பஸ் முனகியது. காதில் காற்று அடைத்துக்கொண்டது.

நான்காவது வளைவோ ஐந்தாவதோ, முன்னால் ஒரு லாரி போனது. சிமென்ட் மூட்டை, தார்ப்பாய்க்கு மேல் செங்கல் வேறு. பின் பலகையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவனேதான்! புகை வருகிறதா என்று கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்தேன். கொஞ்சமாவது வரக்கூடாதா? ஒரு பொட்டு இல்லை.

பக்கத்தில் முறத்தை மடியில் வைத்திருந்த மலைக்கார அம்மா, "சேகர் வண்டிதானே முன்னால போவுது? அப்ப பஸ்ஸு லேட்டாவாது. மத்த லாரின்னா இந்த மேட்ல மாடு மாதிரி நின்னுக்கும்" என்றார்.

"ஆமாம்மா, ஆமா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலையின் அழகைப் பற்றி இந்த இடத்தில் நான் நான்கு வரி எழுத வேண்டும். எழுதியிருப்பேன். எனக்கு அந்தப் பின் பலகையைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

வெள்ளிமலையில் வெயில் உறைக்கவில்லை. சாமைக் கொல்லைகளை ஒட்டிப் போகிற மண்பாதையில் முனியப்பன் கடை. முன்னால் இரண்டு ஜீப்புகள். உள்ளே போனதுமே என் வழக்கப்படி நோட்டம் விட்டேன். பிரித்த இன்ஜினை வேட்டித் துணியால் மூடி ஓரம் கட்டியிருந்தார்கள். பிஸ்டன்களை எண் எழுதித் தட்டில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். மனசு குளிர்ந்தது. உடனே எரியவும் செய்தது. சேகர் இன்ஜின் செய்த இடம் இதுதான் என்று சத்தியம் செய்வேன்.

முனியப்பன் தொந்தியும் பெரிய மீசையுமாகப் பக்கோடா தின்றுகொண்டிருந்தார். கள்ளக்குறிச்சிக் கடைக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்பதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு அனுபவித்தார். "அவனுங்களுக்கு இன்னாங்க தெரியும்? இந்த ஜில்லாலயே அந்த இன்ஜின எறக்கி ஏத்தறதுக்கு நான் ஒருத்தன்தான்." அடக்கம் என்பது அவர் பக்கமே வராது போல. கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, சொல்லுங்க. யார் வண்டி மாதிரி ஓடணும்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கம்பெனில வந்த மாதிரி ஓடினா போதுங்க."

"கம்பெனில வந்தத நீங்க எங்க பாத்திங்க? தையக்காரன் அளவு சட்ட கேக்கறான் இல்ல, அந்த மாதிரிதான் இது. ஒவ்வொரு ஓனர் மனசுலயும் இன்னொருத்தன் வண்டி ஒண்ணு ஓடிக்கினு இருக்கும். அத சொன்னாதான் நான் கை வெப்பேன்."

வந்த வழியே திரும்பிவிடலாமா என்றிருந்தது. காயலான் கடைக்காரர் என் லாரியின் நெற்றியைத் தட்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது. "வடக்கனந்தல் சேகர் வண்டி" என்றேன். அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்ததோ.

முனியப்பன் தொந்தி குலுங்கச் சிரித்தார். "அவுரு இன்னா அளவு குடுத்தாரு தெரியுமா? யாரோ ஒருத்தர் வண்டி சத்தத்த போன்ல புடிச்சிக்கினு வந்தாரு. 'இந்த சத்தம் வர்ற வரைக்கும் நான் வூட்டுக்குப் போவ மாட்டேன்'னு இங்கியே ரெண்டு நாள் குந்திக்கினாருங்க. அத எனக்கும் அனுப்பி வெச்சிருக்காரு. இருங்க, கேளுங்க" என்று தன் போனைத் தேடி எடுத்துத் தட்டினார்.

இன்ஜின் சத்தம். நிதானமாக, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் பிசகே இல்லாமல். அடடா, என்ன வண்டி! கொடுத்துவைத்த மகராசன் எவனோ என்று பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே சத்தத்துக்கு நடுவில் ஒரு ஆள் கத்தினான்: "ஏம்பா, அண்டாவ எறக்கிட்டிங்களா? வண்டிய ஆஃப் பண்ணட்டுமா?"

அது என் குரல். போன வருஷம் சேகர் மகள் காதுகுத்துக்கு மாமனார் வீட்டிலிருந்து அண்டாவும் நாற்காலியும் ஏற்றிக்கொண்டு போனது என் வண்டிதான். வண்டியின் மூக்குப் பக்கம் போனை நீட்டிக்கொண்டு அவன் நின்றதும் ஞாபகம் வந்தது. யாருடனோ வீடியோவில் பேசுகிறான் என்று நினைத்தேன். எத்தனையோ வருஷம் அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறேன். ஒரு நாளாவது அந்தச் சத்தத்தை நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. அவன் கேட்டிருக்கிறான். பாவி, கேட்டு எடுத்துக்கொண்டும் போயிருக்கிறான்.

"அந்த மாதிரியே செஞ்சிடுங்க" என்றேன்.

"செய்யலாம். ஆனா இன்ஜின மட்டும் கழட்டி எடுத்துக்கினு வராதிங்க. முழு வண்டி வரணும், இந்த மல மேட்டுல ஓட்டிப் பாத்துதான் குடுப்பேன்."

"மல ஏறாதேங்க."

"கச்சிராயபாளயம் வரைக்கும் வந்துடுமில்ல? அங்கேர்ந்து நல்ல வண்டியா ஒண்ணு பாத்து கட்டி இழுத்துக்கினு வாங்க."

கடைத்தெருவுக்கு வந்தால் எதிரே சேகர். சிமென்டை இறக்கிவிட்டு மரவள்ளிக்கிழங்கு ஏற்றியிருந்தான். "சகல! இன்னா இந்தப் பக்கம் வந்திங்க?"

"சாமை வாங்கலாம்னு வந்தேன்" என்றேன். கை காலியாக இருந்தது. உடனே பக்கத்துக் கடையில் கிலோ தொண்ணூறு ரூபாய்க்கு ஐந்து கிலோ வாங்க வேண்டியதாயிற்று. அவன் பையை வாங்கி வண்டிக்குள் வைத்தான். "ஏறுங்க. கள்ளக்குறிச்சில எறக்கி வுடறேன்."

இறக்கத்தில் கிளை உரசும் சத்தமும் இன்ஜின் சத்தமும்தான். மூன்று வளைவு பொறுத்தவன், "எப்படிங்க ஓடுது நம்ம வண்டி?" என்று கேட்டான். என் வாய் சும்மா இருக்குமா?

"பரவால்ல. ஆனா என் வண்டி நல்லா இருந்தப்ப ஓடின மாதிரி வருமா?"

அடுத்த வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினான். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "வராதுங்க. அவரும் இன்னா இன்னாவோ செஞ்சி பாத்தாரு. அந்த சத்தம் வர்ல."

வயிற்றில் பால் வார்த்தது போலத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. கோமுகி அணையின் கரை தெரிகிறவரை அந்தச் சந்தோஷத்தை நான் ஒருவனாக அனுபவித்துக்கொண்டு வந்தேன். கீழே வெயில் மறுபடி முகத்தில் அடித்தது. கச்சிராயபாளையத்தில் அவன் டீக்கு நிறுத்தினான். ரோட்டோரம் என் லாரி எந்த இடத்தில் வந்து நின்றால் கயிறு கட்டத் தோதாக இருக்கும் என்று என் கண் தானாகத் தேடியது. மலைமேல் அந்தப் பளுவை இழுத்துக்கொண்டு ஏறக்கூடிய வண்டி எனக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு.

டீயை ஆற்றிக்கொண்டே, "சகல, வர்ற வெள்ளிக்கிழம உன் வண்டிக்கு லோடு இருக்கா?" என்று கேட்டேன்.