அப்பாவின் முதுகில் ஒட்டிய ஜாம் போத்தல்

ஜாம் போத்தலுக்குள் சூடம் எரிந்தால் ஒரு வாடை வரும். கோயிலும் வெள்ளைக்காரன் காலைச் சாப்பாடும் ஒன்றாகக் கருகியது போல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் காம்பாருக்கு அருகிலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், ஒரு மாலை அந்த வாடையோடு பயமும் வந்தது. இன்றும் சூடம் ஏற்றினால் பக்திக்கு முன்னால் எனக்கு அப்பாவின் முதுகுதான் நினைவுக்கு வருகிறது.

துரை பங்களாவில் சமைத்தவர் காலியான ஜாம் போத்தல்களை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். வாயகன்ற கண்ணாடிப் போத்தல் என்றால் அம்மாவுக்கு உயிர். ஒன்றில் உப்பு, ஒன்றில் மிளகு, மூடியில் துளை போட்டுத் திரி நுழைத்த இன்னொன்று மண்ணெண்ணெய் விளக்கு. "இது ஒண்ணுக்கும் ஆவாதுன்னு யாரு சொன்னா?" என்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

அந்த மழைக்காலத்தில் அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ரப்பர் பால் வாளிகளைக் "காண்டா" கம்பில் மாட்டித் தோளில் சுமக்கிறவருக்கு நிமிர முடியாவிட்டால் என்ன ஆகும் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். வேலைக்கு லாயக்கில்லை என்று கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே எங்களுக்கு ஒரு கூரைகூடக் கிடையாது. அதனால் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல், விடியற்காலைப் "பெரட்டில்" பெயர் கூப்பிடும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பார். அவர் நிமிரும்வரை அம்மா மூச்சு விடமாட்டாள். அவளைப் பார்த்து நானும் விடமாட்டேன்.

தோட்டத்து எல்லையில் காய்கறி போட்டிருந்த சீன அம்மா, வலியை இழுத்தெடுக்கத் தன் புருஷன் முதுகில் நெருப்பு காட்டிப் போத்தல் கவிழ்ப்பதை, கீரை வாங்கப் போன அம்மா வேலியோரமாகப் பார்த்துவிட்டாள். கவிழ்ப்பதை மட்டும்தான் பார்த்தாள். எடுப்பதைப் பார்க்க நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் ஓர் ஓட்டுச்சில்லை வைத்து, அதன்மேல் சூடம் ஏற்றி, இருந்ததிலேயே பெரிய போத்தலைக் கவிழ்த்தாள். சுடர் அணைந்தது. சதை பணியாரம் போல உள்ளே உப்பியது. நன்றாக இழுக்கிறது என்று அப்பாவுக்குக்கூடச் சந்தோஷம்தான். கொஞ்ச நேரம் கழித்து அம்மா போத்தலைப் பிடித்து இழுத்தபோது, அப்பாவும் சேர்ந்து எழுந்து வந்தார்.

எண்ணெய் விட்டாள், திருகினாள், சாமியை வேண்டினாள். உள்ளே தோல் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா உலக்கையால் உடைத்துவிடச் சொல்ல, கண்ணாடி முதுகில் இறங்கிவிடுமே என்று அம்மா அழுதாள். அப்பாவுக்கோ வேறு கவலை.

"நாளைக்குப் பெரட்டுல சட்டைக்குள்ள கூனு மாதிரி தெரியுமே, கங்காணி பாத்துருவாரே" என்றார். எனக்கு அப்போதே கப்பல் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா என்னைச் சீன அம்மாவிடம் விரட்டினாள். பயத்தில் தெரிந்த நாலு மலாய்ச் சொல்லும் மறந்துபோக, கையோடு எடுத்துப்போன இன்னொரு போத்தலை என் தோளில் வைத்து இழுத்து இழுத்துக் காட்டி அழுதேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓடி வந்தவள் அம்மாவின் கையைத் தட்டிவிட்டு, "ஜங்ஙான் தாரேக் லா" என்றாள். இழுக்காதே என்று அர்த்தம். விளிம்பை ஒட்டிய தோலைக் கட்டைவிரலால் லேசாக அமுக்கினாள். "புஸ்" என்றது; போத்தல் பாயில் உருண்டது.

மறுநாள் பெரட்டில் அப்பா நிமிர்ந்து நின்றார். வலி போய்விட்டது என்றார். அதற்குப் பிறகும் அதையேதான் சொன்னார். போனதா, போத்தலுக்குப் பயந்து சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வேலை முடிந்து குனிந்தபடி வீட்டுக்குள் நுழைகிறவர், அம்மா வரிசையாக அடுக்கியிருந்த போத்தல்களைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்துகொள்வார்.

தோட்டமும் லயமும் இப்போது இல்லை. அந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. ஈப்போவில் என் மகன் வீட்டு அடுப்படியில் எல்லாமே பிளாஸ்டிக் டப்பாக்கள். எப்போதாவது வரும் கண்ணாடிப் போத்தலை மருமகள் கழுவிக் கவிழ்த்து வைப்பாள்; அவள் அந்தப் பக்கம் போனதும் நான் நிமிர்த்தி வைத்துவிடுவேன். தண்ணீர் வடிய வேண்டாமா அத்தை என்று கேட்கிறாள். என் கண்ணுக்கு, கவிழ்ந்த போத்தலுக்கு அடியில் அப்பா படுத்திருக்கிறார். அவர் எழுந்து நிமிரும்வரை எனக்கு மூச்சு வராது.