கம்பளிக்கு வெளியே வந்த கை

"நீயே சொல்லுடி. பெத்தவன் பெரிசா, எவளோ ஒரு மலைக்காரி பெரிசா?"

பெரியம்மா என்னைக் கேட்ட கேள்வி இது. அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, மேலே படிக்க அனுப்பாததால் வீட்டில் சும்மா இருந்தேன். பெரியம்மா லட்சுமியம்மாள் கேட்டது தன் ஒரே மகள் கலையரசியைப் பற்றி. நான் எழுதப்போவதும் அந்தக் கலையரசி அக்காவைப் பற்றித்தான்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் இருக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். பெரியப்பா தங்கதுரைக்கு ஏரிக்குக் கீழே கரும்பும் நெல்லும் விளைகிற நல்ல நிலம் இருந்தது. டிராக்டர் இருந்தது. ஊரில் டெலிபோன் இருந்த ஒரே வீடு அவருடையது. நாங்களும் அதே வீட்டின் பின்கட்டில்தான் இருந்தோம்.

அக்கா பாண்டிச்சேரியில் படித்தாள். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு நாளிதழில் நிருபர் வேலைக்குச் சேர்ந்தாள். பெரியப்பா தடுக்கவில்லை. "கல்யாணம் வரைக்கும் எழுதிக்கினு இருக்கட்டும். பொண்ணு பேப்பர்ல எழுதுதுன்னா நமக்கும் ஒரு மரியாதைதான்" என்றார். விருத்தாசலத்தில் ஒரு வக்கீல் மாப்பிள்ளையைப் பேசி முடித்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் போவதற்காக அக்கா ஊருக்கு வந்த நேரத்தில்தான் சாலை மறியல் தொடங்கியது. அது 1987, புரட்டாசி பிறந்த சமயம்.

எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு அந்த வாரம் முழுக்க வட மாவட்டங்களில் பஸ் ஓடவில்லை. கேட்டதில் நியாயம் இருந்தது. பெரியப்பா போல நிலம் வைத்திருப்பவர்கள் எங்களில் கொஞ்சம் பேர்தான். குத்தகைக்கும் கூலிக்கும் போகிறவர்களே அதிகம். பெரியப்பாவிடம் குத்தகைக்கு உழுத வேடியப்பனின் மகன் நன்றாகப் படித்தும் வேலை கிடைக்காமல் கரும்பு வெட்டப் போனான். அக்காவே அவனைப் பற்றித் தன் பேப்பரில் எழுதியிருந்தாள். மறியலுக்கு அவள் எதிரி இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு அவளைப் பற்றி ஊரில் வேறு மாதிரி பேசினார்கள்.

ஊர் எல்லையில் இருந்த பெரிய புளியமரத்தை வேடியப்பனும் மற்றவர்களும் அறுத்துச் சாலைக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பெரியப்பா மரத்தின் அடிப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பால், நோயாளி, பரீட்சைக்குப் போகிற பிள்ளை, இவர்களை விடலாம் என்று அவரே சொல்லியிருந்தார். நானும் அக்காவும் காலையில் புளிச்சோறு எடுத்துக்கொண்டு போனோம். அக்கா கையில் பேனா இருந்ததைப் பார்த்து ஒருவர் கிண்டல் செய்தார்.

"இன்னா பாப்பா, எம் பேரையும் போடுவியா? போட்டோ புடிச்சிப் போடு."

"உன் மூஞ்சியப் போட்டா பேப்பர் விக்காது மாமா" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். அவர் அக்காவைப் பார்த்துச் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

கச்சிராயபாளையம் பக்கமிருந்து நாலு பேர் மூங்கிலில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மலைக்காரர்கள். தூளியில் தலை முதல் கால் வரை கருப்புக் கம்பளி போர்த்தியிருந்தது. மலையில் பிள்ளைப்பேற்றுக்குத் தவிக்கிற பெண்ணை வெளியே கொண்டுவந்தால் முகத்தை மூடித்தான் கொண்டுவருவார்கள், காத்து கருப்பு அண்டக் கூடாது என்று. அது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு முகத்தை மூடினால் பிணம். எங்கள் ஊரில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. அயலூர்ப் பிணத்தை ஊர்த்தெரு வழியாக எடுத்துப்போக விடமாட்டார்கள். ஏரிக்கரை மேலேறிச் சுற்றித்தான் போக வேண்டும்.

"பொணம் வருதுடா" என்று யாரோ கத்தினார்கள்.

பெரியப்பா எழுந்து, "அப்படியே நில்லு. ஏரிக்கரையில சுத்திப் போ" என்றார்.

முன்னால் தூக்கி வந்தவன் பெயர் சடையன். அவன் மனைவிதான் உள்ளே இருந்தாள். "பொணம் இல்லீங்க ஐயா. உசிரு இருக்குதுங்க. புள்ள குறுக்க நிக்கிதுங்க. மலையிலருந்து நடந்தே வர்றோம். இந்த மரத்த மட்டும் தாண்டி வுட்டுடுங்க" என்று கும்பிட்டான்.

"உசிருன்னு சொல்லித்தான் எல்லாரும் எடுத்தாறது. மூஞ்சியத் தொற, பாப்போம்" என்றார் கூட்டத்தில் ஒருவர். சடையன் திறக்கத் தயங்கினான். அவர்கள் வழக்கம் அப்படி. அவன் தயங்கியதையே எங்கள் ஆட்கள் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். "பாத்தியா, தொறக்க மாட்டேங்கிறான்" என்றார்கள்.

அப்போது கம்பளிக்கு வெளியே ஒரு கை வந்தது.

நான் சோற்றுக் குண்டானோடு கூட்டத்தின் பின்னால் நின்றதால் அதைப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற மூன்று பேர் பார்த்தார்கள்: பெரியப்பா, வேடியப்பன், அக்கா. அக்கா கத்தியது மட்டும் எனக்குக் கேட்டது. "அப்பா, கை ஆடுதுப்பா. மூங்கில புடிக்குது பாருங்க."

பெரியப்பா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். ஊர் முழுக்கக் கேட்கச் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெறுகிற பழக்கம் அவருக்கு வாழ்நாளில் இருந்ததில்லை. அதிலும் அன்று அவர்தான் மறியலுக்குத் தலைவர். "ஏரிக்கரையில போவச் சொன்னேன் இல்ல?" என்றார்.

தூளி ஏரிக்கரைக்குத் திரும்பியது. அக்கா செருப்பைக்கூடக் கழற்றிப் போட்டுவிட்டு அவர்கள் பின்னாலேயே ஓடினாள். முந்தின நாள் மழையில் கரை சேறாகக் கிடந்தது. நடுவில் ஒரு இடத்தில் மண் சரிந்திருந்ததால் தூளியை இறக்கி இறக்கித் தூக்க வேண்டியிருந்தது. மதகுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் இறந்தாள். பிள்ளையும் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. உயிர் போகும்வரை அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாளாம். "பேரு இன்னாம்மா?" என்று கேட்டதற்கு அவள் தானே பதில் சொன்னாளாம். வெள்ளச்சி.

மதியம் அக்கா சேற்றுக் காலோடு முன்கட்டுக்கு வந்து டெலிபோனை எடுத்தாள். பாண்டிச்சேரிக்கு டிரங்க் கால் கிடைக்க வெகுநேரம் ஆனது. அதற்குள் பெரியப்பா வந்து எதிரே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா செய்தியை வரிவரியாகச் சொன்னாள். ஓர் இடத்தில் நிறுத்தி, "ஆமா சார். தங்கதுரை. எங்கப்பாதான்" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "யோசிச்சிட்டேன் சார்" என்றாள்.

அவள் ரிசீவரை வைத்ததும் பெரியப்பா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் பேசினார்.

"எழுதாதன்னு நான் சொல்லல கலை. பொணம்னு நெனச்சோம், தப்பு நடந்துபோச்சின்னு எழுது. நானே ஒத்துக்கிறேன். அந்தக் கைய மட்டும் வுட்டுடு."

"கைதாம்பா செய்தி."

"எத்தினி பேரு போலீசு துப்பாக்கியில செத்துக்கினு இருக்காங்க, தெரியுமா? இது வெளிய வந்தா அவ்வளவு உசிருக்கும் கெட்ட பேரு. நம்ம ஜனம் கேக்கிற கேள்விய வுட்டுட்டு எல்லாரும் இதையே பேசுவான்."

"நம்ம ஜனம் கேக்கிறது நியாயம். அது வேற. நீங்க பாத்தும் வுடல. அது வேற."

பெரியப்பா சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்ததாக எனக்குத் தோன்றியது. அக்காவும் அதை லேசாகத் தள்ளிவிடவில்லை. அன்று அவள் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள்.

பேப்பரில் செய்தி ஒரு மூலையில் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் மலைவாழ் பெண் சாவு என்று. ஊர் பெயர் இல்லை, மரம் இல்லை, பெரியப்பா இல்லை. அக்கா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. பெரியம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போய் எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தாள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கக் கிளம்புவதாகப் பேச்சு நடந்தது.

மறியல் முடிந்ததும் போலீஸ் வந்தது. மரம் அறுத்தவர்களைப் பிடித்தார்கள். பெரியப்பா அன்று விருத்தாசலத்தில் மாப்பிள்ளை வீட்டில் இருந்தார். வேடியப்பனுக்குப் போக இடமில்லை, அவரைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது அவர் வலது கை விரல்கள் மடங்கவில்லை. எவர்சில்வர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார்.

இதற்கிடையில் சடையன் மலையிலிருந்து இறங்கி வந்து மனு கொடுத்திருந்தான். மனு எழுத உதவியது அக்கா என்று பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. விசாரிக்க ஓர் அதிகாரி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அந்தக் காலையில் பெரியம்மா அக்காவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"சொல்லிட்டின்னா உனக்கு வூடு இல்லடி. மாப்பிள்ள வூட்டுக்காரங்க நிக்க மாட்டாங்க. அப்பன ஜெயில்ல போடுவாங்க. தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

"தெரியும்மா எனக்கு" என்றாள் அக்கா.

பள்ளிக்கூடத்தில் முதலில் வேடியப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் பெரியப்பா பக்கம் பார்க்காமல், "நான் மரத்தாண்ட திரும்பிக்கினு இருந்தேங்க. ஒண்ணும் பாக்கலைங்க" என்றார். அவருக்கு இருந்தது குத்தகை நிலம் ஒன்றுதான். வெளியே வரும்போது அக்காவைக் கடந்து போனவர், "மன்னிச்சிக்க பாப்பா" என்று முனகினார். "நீங்க போங்க மாமா" என்றாள் அக்கா. அவர்மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. இன்றும் கிடையாது.

பெரியப்பா, பிணம் என்று நினைத்ததாகச் சொன்னார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் மரம் கிடந்த இடத்திலிருந்து மதகு வரை எல்லாவற்றையும் சொன்னாள். "கை வெளிய வந்தத எங்கப்பா பாத்தார். பாத்த பிறகும் சுத்திப் போவச் சொன்னார்" என்றாள். சன்னலில் தொற்றிக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து ஒருவன், "எதிராளிகிட்ட எவ்வளவு வாங்குன?" என்று கத்தினான். நேற்றுவரை அவளை ஊர்ப் பெருமை என்று சொன்னவன்தான்.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா வேட்டியோடு கிணற்றடிக்குப் போனார். ஊர் பார்த்துக்கொண்டிருக்க, குடம் குடமாகத் தண்ணீர் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். எங்கள் பக்கம் சாவுக்குத்தான் அப்படி முழுகுவார்கள். உயிரோடு இருக்கும் மகளுக்குத் தலை முழுகினார். ஈரத்தோடு வந்து உட்கார்ந்தார். அக்கா ஒரு சின்னப் பெட்டியோடு அவரைத் தாண்டி வெளியே போனாள். அவர் நிமிரவில்லை. அந்த நேரத்தில்தான் பெரியம்மா என் தோளைப் பிடித்து உலுக்கி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பெண் இறந்த நிலையில்தான் கொண்டுவரப்பட்டாள் என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. விருத்தாசலத்துச் சம்பந்தம் முறிந்தது. சொந்தச் சண்டையைச் செய்தியாக்குகிற நிருபர் வேண்டாம் என்று பாண்டிச்சேரிப் பேப்பரும் அக்காவை நிறுத்திவிட்டது.

அவள் இப்போது கள்ளக்குறிச்சியில் கருணாபுரத்தில் ஒரு அறையில் இருக்கிறாள். கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குச் சாயந்திரம் பாடம் சொல்லித்தருகிறாள். சின்னச் சின்ன வாரப் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்புகிறாள், சிலதுதான் அச்சாகிறது. போன மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து படுத்தபோது பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. நான் தையல் வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் அவளைப் போய்ப் பார்க்கிறேன். ரொம்ப இளைத்துவிட்டாள். நெற்றியோரம் நரைத்துவிட்டது. நான் பார்த்தவரையில் அவள் சந்தோஷமாக இல்லை. செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அது அவளைத் தூங்க வைப்பதில்லை.

சடையனைப் பார்க்க அவள் ஒருமுறை மலைக்குப் போனாள். அவன் அவளை உட்கார வைத்துத் தேன் கொடுத்தான். "வுட்டுடுங்கம்மா. எங்களுக்கோசரம் நீங்களும் அழிஞ்சிப் போவாதீங்க. செத்துதான் வந்தாள்னு தாளுல எழுதிட்டாங்க. இனிமே யாரு மாத்துவா?" என்றானாம். அதைச் சொன்னபோதுதான் அக்கா என் முன்னால் முதல்முறையாக அழுதாள்.

"நீ எழுதேன்க்கா" என்றேன்.

"நான் எழுதினா அப்பன் மேல வன்மம்னு சொல்றாங்க. ஒருத்தரும் போட மாட்டேங்கிறாங்க. நீ அந்த வூட்லயே இருக்கிறவ. உனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுது. நீ பாக்காதத பாத்தேன்னு மட்டும் எழுதாத."

அதனால் எழுதினேன். நான் பார்த்ததையும் கேட்டதையும் கலக்காமல் சொல்ல முயன்றிருக்கிறேன். எனக்குப் பெரிய எழுத்து வராது. இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அரசாங்கத் தாளில் உள்ளதை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் படித்ததோடு விட்டுவிடாமல், தெரிந்த இன்னொருவரிடம் வாயால் சொல்லுங்கள். எங்கள் ஊர் எது என்று தேட வேண்டாம். வெள்ளச்சி எங்கள் ஊர் எல்லைக்கு உயிரோடுதான் வந்தாள் என்று சொல்லுங்கள். அதைச் சொன்னதற்காகக் கலையரசி என்ற ஒருத்தி வீடு இழந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.