கோச் பார்க்க வந்தது நானாவை அல்ல

அண்ணனை நாங்கள் நானா என்போம். எங்கள் நானா பந்து விளையாடுகிறார் என்று வெளியில் சொல்ல எனக்கு அந்த நாட்களில் கொஞ்சம் வெட்கம். அவர் ஒரு கோல்கூட அடித்ததில்லை. மற்றப் பிள்ளைகளின் நானாமார் கோல் அடித்துவிட்டுச் சேட்டைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடுவார்கள். எங்கள் நானா பெக், பின்னால் நின்று மறிக்கிறவர். எங்கள் பக்கத்துக் கோலுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்தபடி, பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர் மாதிரி நிற்பார். பந்து வந்தால் எடுத்து யாருக்காவது கொடுத்துவிட்டு மறுபடியும் நிற்பார். இந்த வேலைக்கு ஒரு ஆள் எதற்கு என்று உம்மாவிடம் கேட்டிருக்கிறேன். உம்மாவுக்கும் தெரியவில்லை.

நாங்கள் போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள். எத்தாளைப் பக்கத்தில் ஒரு ஹாஜியார் தன் தென்னந்தோட்டத்தின் ஒரு பகுதியை எங்கள் ஊர்க்காரருக்கு விட்டிருந்தார். அங்கே தென்னோலைக் கிடுகால் குடிசை போட்டு இருந்தோம். அதை முகாம் என்றார்கள். ஊரில் கடை வைத்திருந்த வாப்பா, இங்கே அதே ஹாஜியாரின் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டார். நாங்கள் குடிக்கத் தண்ணீர் அள்ளியதும் ஹாஜியார் வீட்டுக் கிணற்றில்தான். அவர் ஒரு நாளும் எதையும் சொல்லிக்காட்டியதில்லை. அதனாலேயே அவருக்கு முன்னால் வாப்பாவின் குரல் இன்னும் இறங்கிப்போகும்.

ஹாஜியாருக்கு ஒரே மகன். நானாவின் வயது. அந்தக் கரையில் அவரைப்போல் ஓடி கோல் அடிக்க ஆள் இல்லை என்று பேச்சு. கொழும்பில் ஒரு பெரிய கம்பனியின் அணிக்கு ஆள் தேடுகிற கோச் ஒருவரை ஹாஜியார் எப்படியோ பிடித்து, மகனைப் பார்க்க வரச்சொல்லிவிட்டார். எடுபட்டால் விளையாட்டோடு கம்பனியில் வேலையும் கிடைக்கும். ஹாஜியாரின் ஊர் அணிக்கும் எங்கள் முகாம் அணிக்கும் ஒரு போட்டி என்று முடிவானது.

போட்டியன்று காலையில் வாப்பா பாணைப் பிய்த்துக்கொண்டே நானாவிடம் சொன்னார்.

"மகன், இண்டைக்குப் பாத்து விளையாடு. ஹாஜியார்ட மகன் கோல் அடிக்கட்டும். பெரிசா மறிக்கப் போகாத."

நானா நிமிர்ந்து பார்த்தார்.

"நாம இருக்கிறது அவங்கட காணியில," என்றார் வாப்பா.

நானா பாணைத் தேநீரில் நனைத்தார். நான் கை தட்டலாமா என்று கேட்டேன். ஹாஜியார் மகனுக்குத் தட்டு என்றார் வாப்பா. எனக்கும் ஒரு பொறுப்புக் கிடைத்ததில் பெருமையாக இருந்தது.

மைதானம் என்பது முகாமுக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த மணல்வெளி. ஒரு ஓரத்தில் கிடுகுப் பந்தல் போட்டு, உட்காரக் கதிரைகள் வைத்து, செவ்விளநீரும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது என்று நான் அங்கே போய் மணலில் குந்திக்கொண்டேன். கோச் ஒல்லியான, வயதான மனிதர். ஒரு முழங்காலை மடக்காமல் நீட்டியே வைத்திருந்தார்.

ஆட்டம் தொடங்கியதும் ஹாஜியார் மகன் பந்தோடு வந்தார். நானா அசைந்தார், ஆனால் கொஞ்சம் பிந்தி. கோல். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்போது நானா தவறான பக்கம் காலை வைத்தார். நான் கை வலிக்கத் தட்டினேன். எங்கள் முகாம் ஆட்கள், "இவனுக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று கத்தினார்கள். கோச் மட்டும் தட்டவில்லை.

"அந்த பெக் பொடியன் யாரு?" என்று கேட்டார்.

"நம்மட தோட்டத்தில இருக்கிற பிள்ள," என்றார் ஹாஜியார்.

"எப்பவும் இப்பிடித்தானா?"

இடைவேளைக்கு விசில் ஊதியதும் ஹாஜியார் எழுந்து, வெள்ளைச் சாரனை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற மணலில் முகாம் ஆட்கள் இருந்த இடத்துக்கு நடந்தார். என்ன நடக்கிறதென்று பார்க்க நானும் பின்னால் ஓடினேன். அவர் வருவதைக் கண்டு வாப்பா எழுந்து நின்றார்.

"காலுக்கு ஏதும் சுகமில்லையா?" என்று நானாவிடம் கேட்டார் ஹாஜியார்.

"இல்ல ஹாஜியார்."

"அப்ப ஏன் வழி விடுற?"

நானா வாப்பாவைப் பார்த்தார். ஹாஜியாரும் வாப்பாவைப் பார்த்தார்.

"ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பிறகு ரெண்டு பேரும் விளையாடுறத நான் பாக்கிறதானே," என்றார் ஹாஜியார், சத்தம் உயராமல். "அவன் உன்னத் தாண்டினத ஒரு நாளும் நான் காணல்ல. இண்டைக்கு மட்டும் தாண்டுறான்."

"சின்னப் பிள்ளையள்தானே ஹாஜியார்... இண்டைக்கு ஒரு நாள்..." என்று வாப்பா இழுத்தார்.

"என்ட மகனுக்குத் தருமம் செய்யாதீங்க," என்று சொல்லிவிட்டு ஹாஜியார் நானாவின் பக்கம் திரும்பினார். "மறி. ஒழுங்கா மறி."

இரண்டாம் பாதி எனக்குச் சலிப்பாக இருந்தது. ஹாஜியார் மகன் எந்தப் பக்கம் போக நினைத்தாலும் அங்கே நானா முதலே நின்றார். தள்ளவில்லை, விழுத்தவில்லை, கால் நுனியால் பந்தை மெல்லத் தட்டி எடுத்துக்கொண்டு போனார். ஹாஜியார் மகன் வலப்பக்கம் முயன்றார், இடப்பக்கம் முயன்றார், ஒரு தடவை தானாகவே சறுக்கி விழுந்தார். நானா கைகொடுத்துத் தூக்கிவிட்டார். வேறு கோல் விழவில்லை. முகாம் அணி தோற்றது. நான் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோச் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

ஆட்டம் முடிந்ததும் கோச் நானாவைக் கூப்பிட்டார். ஓடச் சொன்னார், பின்பக்கமாக ஓடச் சொன்னார், திரும்பச் சொன்னார். இடது காலால் அடிக்கச் சொன்னபோது பந்து கோலுக்குப் போகாமல் மீன் காயப்போட்டிருந்த பாய்க்குப் போனது. அங்கிருந்த பொம்பிளைகள் ஏசினார்கள்.

"இடது கால் நிக்கிறதுக்கு மட்டும்தான் வச்சிருக்கிற," என்றார் கோச். "திரும்புறது சுணக்கம். தலையால அடிக்கப் பயம். உடம்புல சதையே இல்ல."

எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு குறையையும் ஊர் முழுக்கக் கேட்கச் சொல்ல வேண்டுமா?

"ஆனா நீ பந்தப் பாக்கல்ல. பந்தோட வாறவர்ட இடுப்பத்தான் பாத்த. யாரு சொல்லித் தந்த?"

"யாரும் இல்ல சேர். பந்தப் பாத்தா ஏமாந்துபோறன்."

"முதல் பாதியில என்ன நடந்த?"

"வெயில் சேர்," என்றார் நானா.

கோச் சிரித்தார். பிறகு வாப்பாவிடம் சொன்னார். "இவன் இன்னும் பாதிதான் ஆகியிருக்கான். கொஞ்ச வருசம் என்னட்டத் தாங்க. மிச்சப் பாதியப் பாப்பம்."

ஹாஜியார் எதுவும் கேட்காமல் நின்றார். கோச்தான் அவர் தோளில் கை வைத்தார். "மகன் நல்லா ஓடுறார் ஹாஜியார். ஊர்ல நல்லா விளையாடட்டும்."

"ஓம், ஓம்," என்றார் ஹாஜியார்.

வாப்பா முடியாது என்றுதான் முதலில் சொன்னார். வடக்கு அடையாள அட்டை வைத்திருக்கிற இளம் பிள்ளையைக் கொழும்புக்கு எப்படி அனுப்புவது? வழி நெடுகச் செக்பொயின்ட். பிடித்து வைத்தால் யார் போய்க் கேட்பது? அதற்கும் ஹாஜியார்தான் வாய் திறந்தார்.

"என்ட தங்கச்சி வீடு கொழும்புலதான் இருக்கு. அங்க நிக்கட்டும். பொலிசுல நான் வந்து பதிஞ்சு தாறன்."

சொன்னபடியே அவர் நானாவோடு பஸ்ஸில் போய், பொலிஸில் பொறுப்பாளி என்று தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். நானா அந்தக் கம்பனிக்குப் பல வருடங்கள் பெக் விளையாடினார். நாட்டு அணி வரைக்கும் போகவில்லை. இடது கால் கடைசிவரை சுமார்தான். ஆனால் வேலை நிலைத்தது. எங்களுக்குக் கல்வீடு வந்தது அந்தச் சம்பளத்தில். ஹாஜியாரின் மகன் வெங்காயத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். பெருநாள் போட்டிகளில் நெடுங்காலம் அவர்தான் கோல் அடித்தார்.

ஆனால் எனக்கு அதிகம் நினைவில் நிற்பது போட்டியன்று பின்னேரம்தான். உம்மா நிவாரண மாவில் பணியாரம் சுட்டு, ஒரு தட்டில் வைத்து மூடி, ஹாஜியார் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். நான் போனபோது ஹாஜியார் மகன் மதிலுக்குப் பந்தை அடித்து, திரும்பி வருவதைப் பிடித்து, மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் கொஞ்சம் தள்ளிக் கதிரையில் இருந்தார், போட்டிக்கு உடுத்த உடுப்போடேயே. ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்து, நல்ல ருசி என்று உம்மாவிடம் சொல்லச் சொன்னார்.

"உங்கட நானா இனி இடது காலாலயும் பழகிடுவார், என்ன மகள்?"

"ஓம்," என்றேன். சிரித்தார்.

நான் ஓடி வந்தேன். வாப்பா குடிசை வாசலிலேயே காத்திருந்தார், கையில் கடிக்காத பணியாரம்.

"கோவமா இருந்தாரா?"

"இல்ல வாப்பா, சிரிச்சார்! மகன் பந்து அடிக்கிறார். அவர் கதிரையில இருந்து பாத்துக்கிட்டு இருக்கார்."

வாப்பாவுக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். வாப்பா பணியாரத்தைத் தட்டில் வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சேட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"இப்ப எதுக்குப் போறீங்க?" என்றார் உம்மா.

"சும்மா. அவரோட கொஞ்ச நேரம் இருந்திட்டு வாறன்."

கோபமே இல்லாத மனிதரிடம் எதற்காகப் போய் இருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. வாப்பா வைத்துவிட்டுப் போன பணியாரத்தை எடுத்துத் தின்றேன்.