அக்கா கேட்ட முதலீட்டுப் புத்தகம்

வேலையை விட்ட மறுநாள் காலை என் வீட்டு நாற்காலியில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றின் இரண்டாவது மாடியில், சுடிதார் பிரிவில், இருபத்திரண்டு வருடம் நின்றே வேலை பார்த்தவள். கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆயிற்று, பிள்ளையும் இல்லை. வரப்போகிற பி.எஃப். பணம்தான் அவளுக்கு எல்லாம். நான் நந்தனத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவன். என் படிப்புக்கு ஃபீஸ் கட்டியதும் அவள்தான்.

பணத்தை என்னிடம் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "வாணாம்டா. நீ போட்டுக் குட்த்துடுவ, எனுக்கு இன்னா தெரியும்? இத்தினி வருசம் எவனோ சொன்ன எடத்துல நின்னாச்சு. இத்த நானே பட்ச்சிப் புரிஞ்சிக்கணும். நல்லதா ஒரு புக்கு வாங்கிக் குடு நைனா" என்றாள். எட்டாவது வரை படித்தவள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதில் பாதி என்னைப் பற்றிய பெருமை. இந்தத் துறையில் புத்தகம் தேர்ந்தெடுக்க என்னைவிட்டால் யார்?

சனிக்கிழமைதோறும் மயிலாப்பூரில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒன்று பட்டப்படிப்புப் பாடநூல். தமிழ் என்று பேர், எனக்கே அகராதி வேண்டும். ஒன்று ஆறே மாதத்தில் கோடீஸ்வரன் ஆக்கும் வகை. இன்னொன்றில் வரிக் கணக்கெல்லாம் பழசு. பெரிய எழுத்தில், படம் போட்டு, தொண்ணூறு பக்கத்தில் ஒன்று இருந்தது. "இது நல்லா போவுது சார்" என்றார் கடைக்காரர். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புத்தகம் மாதிரி இருந்தது. ஒரு வணிகவியல் வாத்தியார் தன் அக்காவுக்கு இதையா வாங்கிக் கொடுப்பான் என்று வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போன் வரும். "புக்கு கெட்ச்சிதா?" "நல்லதாப் பாத்துக்கினு கீறேன்க்கா." அதற்கு மேல் அவசரப்படுத்த மாட்டாள். பணம் வந்து வங்கியில் கிடந்தது. இப்படியே நாலு மாதம் போயிற்று.

அடையாற்றங்கரையிலிருந்து எங்கள் சனத்தைக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே குடிவைத்த அடுக்குமாடியில்தான் அக்கா இருக்கிறாள். பழைய தெருக்காரர்கள்தான் அங்கேயும் அக்கம்பக்கம். மேல்வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு நிதிக் கம்பெனியின் நோட்டீசு கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். போட்ட பணம் இரண்டு வருடத்தில் இரட்டிப்பாகுமாம். அக்கா மொத்தத்தையும் போட்டுவிட்டாள். இரண்டு மாதம் வட்டி வந்தது. மூன்றாவது மாதம் போய்ப் பார்த்தால் ஆபீசு பூட்டியிருந்தது. மேல்வீட்டுக்காரியும் வளையலை விற்றுப் போட்டவள்தான். அழுதவளை அக்காதான் தேற்றினாளாம்.

அக்கா அழவில்லை. நான்தான் கத்தினேன், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று. "அந்த நோட்டீசு தெளிவா இருந்திச்சிடா. வரிக்கு வரி புரிஞ்சிது. பட்ச்சிட்டுத்தான் போட்டேன்" என்றாள். நாலு மாதத்தில் அவள் கைக்குப் படிக்கக் கிடைத்தது அது ஒன்றுதான்.

இப்போது வடபழனியில் ஒரு கடையில் மறுபடி நிற்கிறாள். நான் பணம் கொடுத்தால் வாங்குவதில்லை. "புக்குதானே கேட்டேன், துட்டா கேட்டேன்?" என்கிறாள். போன மாதம் அந்தத் தொண்ணூறு பக்கப் புத்தகத்தையே வாங்கிக்கொண்டு போனேன். கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்று நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் படித்து முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். குரலில் துளி கோபம் இல்லை.

"ரெட்டிப்பா தரேன்னு எவன் எளுதிக் குட்த்தாலும் நம்பாதேன்னு பன்னண்டாம் பக்கத்துலயே போட்டுக் கீதேடா!"

அன்றைக்குக் கடையில் பொருளடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்தவன் நான். பன்னிரண்டாம் பக்கம் வரை புரட்டவே இல்லை.