வாசலில் கிடந்த செருப்பு

கிண்ணியாவிலிருந்து திருகோணமலை போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண், மடியிலிருந்த கருவாட்டுப் பையின் முடிச்சை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார். வெயிலில் கறுத்த முகம். நான் திருத்திக்கொண்டிருந்த இலக்கிய விடைத்தாளை எட்டிப் பார்த்து, என்ன கேள்வி என்று கேட்டார்.

"கடலுக்குப் போன புருசன் திரும்பி வரேல்லை. பெஞ்சாதி அவரின்ர செருப்பை வாசலிலேயே வைச்சிருக்கிறா. அது எதின்ர குறியீடு?"

"என்ன எழுத வேணும்?"

"நம்பிக்கை."

"இல்லை டீச்சர். வீட்டில ஆம்பிளை இருக்கெண்டு ஊர் நினைக்கத்தான். ஆனா ஒவ்வொரு நாளும் இடம் மாத்தி வைக்க வேணும். ஒரே இடத்தில கிடந்தா ஆக்களுக்கு விளங்கிடும்."

பாடத்திலிருந்த கதையில் இடம் மாற்றி வைப்பது இல்லை.

சீனன்குடாவில் அவர் இறங்கிப் போனார். 'பயம்' என்று எழுதிய ஒரு பிள்ளைக்கு நான் போட்டிருந்த பிழைக்குறியையே நகரம் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.